புரத ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு

2014-இல் நேச்சர் இதழ், உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு ஆய்வுக் கட்டுரைகளை வரிசைப்படுத்தியது. முதல் மூன்று இடங்களையும் புரதம் தொடர்பான கட்டுரைகளே பிடித்தன. 1951-இல் ஆலிவர் லோரியும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரைக்கு 305,000-க்கு மேற்பட்ட மேற்கோள்கள். 1970-இல் உல்ரிக் லெம்லி எழுதியதற்கு 213,000. 1976-இல் மேரியன் பிராட்ஃபோர்டு எழுதியதற்கு 155,000. டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953-இல் வந்தது. அதற்கு 5,200 அளவில்தான் மேற்கோள்கள் இருந்தன; முதல் நூறில் அதற்கு இடமில்லை.

இந்தப் பட்டியலை ஜொகூரில் உயிரியல் படிக்கும், கற்பிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு 2010-இல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. அந்தத் தகுதி பெற்ற பல்கலைக்கழகங்கள் மைரா என்ற தேசிய மதிப்பீட்டுக்கு உட்பட்டவை. கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோள் எண்ணிக்கையும் அதன் முக்கியக் கூறுகள். பத்து பகாட், பாகோ வளாகங்களில் இயங்கும் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்திலும் பதவி உயர்வுக் காலம் வந்தால் ஸ்கோபஸ் மேற்கோள் தரவுத்தளத்தில் கட்டுரை எத்தனை, எச் குறியீடு எவ்வளவு என்ற பேச்சு எழாமல் இருக்காது. ஒரு விஞ்ஞானியின் இருபது வருட உழைப்பை ஓரிரு எண்களில் அடக்கலாம் என்ற நம்பிக்கை அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. புரத ஆய்வின் வரலாற்றைப் படித்தவருக்கு அந்த நம்பிக்கை நிற்காது.

அந்த மூன்று கட்டுரைகளும் ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்தாலே காரணம் புரியும். பிராட்ஃபோர்டின் முறையில் கூமாசி நீலம் என்ற சாயம் அமிலக் கரைசலில் செம்பழுப்பாக இருக்கும். புரதக் கரைசலைச் சிறிதளவு அதில் விட்டால் ஓரிரு நிமிடத்தில் நீலமாகிவிடும். புரதம் கூடக்கூட நீலம் அழுத்தமாகும். 595 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் மாதிரியில் எவ்வளவு புரதம் என்று தெரிந்துவிடும். லோரியின் முறைக்கும் அதே வேலைதான்; தாமிரத்தையும் ஃபோலின் கரைசலையும் கொண்டு அளப்பதால் நேரம் கூடுதலாகும். லெம்லியின் முறையில் எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைப் பொருளைச் சேர்த்துப் புரதத்தைக் கொதிக்க வைத்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். சின்னப் புரதம் முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். லெம்லி எழுதியதோ டி4 என்ற வைரஸின் தலைப்பகுதி எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி. அவருடைய ஜெல்லைப் பயன்படுத்தி அவரை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வைரஸோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

புரதம் சம்பந்தப்பட்ட எந்த ஆய்வானாலும் முதல் நாள் வேலை புரதத்தை அளப்பதும் பிரிப்பதும்தான். அதனால் உலகமெங்கும் இந்த மூவரின் பெயரும் கட்டுரைக்குக் கட்டுரை ஏறிக்கொண்டே போகிறது. தம் கட்டுரை மகத்தான கண்டுபிடிப்பு இல்லை என்பதை லோரியே ஒப்புக்கொண்டவர். ஆனாலும் அதற்குக் கிடைக்கும் வரவேற்பு உள்ளூர மகிழ்ச்சி தருகிறது என்றும் எழுதினார். மூலக்கூறு உயிரியலில் இதற்குத் தம்பி போல ஒன்று உண்டு. மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை பிசிஆர் கருவியைக் கொண்டு ஒப்பிடும் கணக்கீட்டு முறையை லிவாக்கும் ஷ்மிட்கனும் 2001-இல் வெளியிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் கையேட்டில் இருந்த கணக்குக்கு மேற்கோள் காட்டத்தக்க கட்டுரை வடிவம் தேவைப்பட்டது. அதிலிருந்து பிறந்த கட்டுரை இது. இந்த நூற்றாண்டில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் அதுவும் முன்வரிசையில் நிற்கிறது.

ஆக, மேற்கோள் என்பது பயன்படுத்தியதற்கான ஒப்புகைச் சீட்டு. அது உண்மையான தகவல், அலட்சியப்படுத்தக் கூடாதது. ஆனால் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

மேற்கோள்களைத் தொகுக்கத் தொடங்கியவரும் ஆளை அளப்பதற்காகத் தொடங்கவில்லை. யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் சயன்ஸ் இதழில் இந்த யோசனையை முன்வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது நூலகத் தேவை. பழைய கட்டுரை ஒன்றைப் பின்னால் வந்த யாரெல்லாம் எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்றார். 1960-களில் அது அச்சுத் தொகுதிகளாக வந்தது. 2004-இல் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் வந்தபின் அந்தத் தேடல் எல்லாருடைய மேசைக்கும் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் குறியீட்டை முன்மொழிந்தார். பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் குறியீடு 10. இருபது மேற்கோளாவது பெற்றவை இருபது இருந்தால் 20.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் ஐந்து கட்டுரை எழுதியிருக்கிறார்; மேற்கோள்கள் முறையே 90, 40, 9, 4, 2. மொத்தம் 145, எச் குறியீடு 4. இன்னொருவரிடம் ஆறு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு மேற்கோள். மொத்தம் 36தான், ஆனால் குறியீடு 6. இருவரில் யாருடைய வேலை துறையை நகர்த்தியது என்று கேட்டால் நான் முதலாமவரின் 90 மேற்கோள் கட்டுரையைத்தான் எடுத்துப் படிக்கப் போவேன். பதவி உயர்வுப் படிவம் இரண்டாமவரை முன்னால் நிறுத்தும். அதோடு இந்தக் குறியீடு ஏறுமே தவிர இறங்காது. ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் ஏறும், இறந்தவருக்கும் ஏறும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் சேர்த்து எண்ணுவதால் ஒரே ஆளுக்கு அங்கே ஒரு குறியீடு, ஸ்கோபஸில் இன்னொன்று.

மேற்கோளில் ஏறாத பெருமை ஒன்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட சிறு கட்டுரை, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்பதை ஒரே வரைபடத்தில் காட்டியது. இன்று புரத அமைப்பு எதைத் தீர்த்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் வெளியிடுவதில்லை. புரதத் தரவு வங்கியில் உள்ள அமைப்புகளின் தர அறிக்கையில் ராமச்சந்திரன் பெயர் நிற்கிறது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் 1963 கட்டுரையைக் குறிப்பில் சேர்ப்பதில்லை. துறையின் பொதுச் சொத்தாகிவிட்ட ஒன்றுக்கு யாரும் மேற்கோள் எழுதுவதில்லை. ஒரு கருத்து இந்த அளவுக்கு வெற்றி பெற்றால் அதன் மேற்கோள் வளர்ச்சி மங்கத் தொடங்கும் என்பது சமூகவியலாளர்களும் கவனித்த உண்மை.

கொய்ச்சி தனாக்காவின் கதை இன்னும் கூர்மையானது. அவர் கியோத்தோவில் ஷிமாட்சு நிறுவனத்தின் பொறியாளர். முனைவர் பட்டம் கிடையாது, இளங்கலைப் பட்டம் மட்டுமே. பெரிய புரத மூலக்கூறை உடைக்காமல் லேசர் கொண்டு ஆவியாக்கி எடை பார்க்க முடியும் என்று அவர் 1980-களில் காட்டினார். 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பதவி உயர்வுக் குழுவின் எந்தப் படிவத்திலும் அன்றைய தனாக்கா தேறியிருக்க மாட்டார். இதைச் சொல்வது கட்டுரை எழுதாதவர்களுக்கு ஆதரவு தேடுவதற்காக இல்லை. புரதங்களை மொத்தமாக ஆராயும் புரோட்டியோமிக்ஸ் என்ற துறையே மூலக்கூறுகளை எடை பார்க்கும் நிறை நிறமாலைக் கருவியின் மேல் நிற்கிறது; அந்தக் கருவிக்கு அடிகோலியவர்களில் ஒருவரை நம் அளவுகோல் பிடிக்காது என்றால், கோளாறு அளவுகோலில் இருக்கிறது.

மேற்கோள் காட்டுவது எப்போதும் உடன்பாடும் ஆகாது. 2014 மே மாதம் நேச்சர் இதழில் மனித புரதத் தொகுதியின் இரண்டு வரைவுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று ஜெர்மனியிலிருந்து, மற்றது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பெங்களூரின் உயிர்த்தகவலியல் நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த குழுவிடமிருந்து. பெங்களூர்க் குழு 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாகச் சொன்னது. இந்தியாவில் அது பெருமையாகப் பேசப்பட்டது, நியாயமும் கூட. அதே ஆண்டில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள். மூக்குத் திசுவை ஆராயாமலேயே வாசனையை உணரும் புரதங்கள் இத்தனை எப்படித் தென்பட்டன? தரவில் பொய்யான பொருத்தங்கள் கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த விமர்சனமும் மூலக் கட்டுரைகளுக்கு ஒரு மேற்கோளாகவே எண்ணப்பட்டது. பிறகு அந்த வரைவுகளை நம்பியவர்கள், திருத்தியவர்கள், கடுமையான விதிகளோடு மறுபடி எண்ணியவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். ஒரு துறை இப்படித்தான் வளர்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வாதப் பிரதிவாதம் முழுவதும் ஒரே கூட்டுத்தொகையாகத் தெரியும்.

இனி ஜொகூருக்கு வருவோம். இங்கே புரத ஆய்வுக்குச் சொந்த மண்ணின் பொருள் செம்பனை. அடித்தண்டு அழுகல் நோயை உண்டாக்கும் கனோடெர்மா பூஞ்சை மரத்தின் உள்ளே பல காலம் தெரியாமல் வளரும். வெளியே அறிகுறி தெரியும்போது மரத்தைக் காப்பாற்ற வழியிருக்காது. வேர் அல்லது இலையில் உள்ள புரதங்கள் முன்கூட்டியே மாறுகின்றனவா என்று பார்க்க மலேசிய ஆய்வாளர்கள் புரோட்டியோமிக்ஸை நாடினார்கள். கேட்க எளிது. செம்பனைத் திசுவில் ஃபீனால் பொருள்களும் நாரும் அதிகம், புரதம் குறைவு. திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்து, ஃபீனால் கரைசலில் பிரித்தெடுத்து, கழுவிக் கழுவிச் சுத்தமாக்கினால்தான் ஜெல்லில் புள்ளிகள் தெளிவாக விழும். இல்லாவிட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுவல் கறை. முதுகலை மாணவர் ஒருவருக்கு மாதக்கணக்கில் இதிலேயே போய்விடும். அந்த மாதங்களுக்குக் கட்டுரை கிடையாது, மேற்கோளும் கிடையாது. ஆனால் அவர் எழுதி வைக்கும் செய்முறைக் குறிப்பு இல்லாமல் அடுத்த மாணவரால் ஓரடி நகர முடியாது.

புள்ளி தெளிவாக விழுந்தாலும் அது எந்தப் புரதம் என்று சொல்ல மரபணுத் தகவல் வேண்டும். 2013-க்கு முன் நெல், அராபிடாப்சிஸ் போன்ற வேறு தாவரங்களின் தரவோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மலேசிய செம்பனை வாரியம் தலைமையேற்று இரண்டு கட்டுரைகளை நேச்சர் இதழில் வெளியிட்டது. ஒன்று செம்பனையின் மரபணுத்தொகுதி, குறைந்தது 34,802 மரபணுக்கள். மற்றது கொட்டையின் ஓட்டுத் தடிப்பைத் தீர்மானிக்கும் ஷெல் மரபணு. தடித்த ஓடு டூரா, ஓடில்லாதது பிசிஃபெரா, இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் கூடுதல் எண்ணெயும் தரும் தெனெரா. கன்று எந்த வகை என்று தெரிய மரம் காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருந்த நிலை மாறி, இலையிலிருந்தே சோதிக்கும் வழி திறந்தது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஒருவர். மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவரின் பெயர் அந்தப் பெரும் ஆய்வின் முகப்பில் நிற்பதை நம் பள்ளிகளில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

அந்த வாரியத்தின் செம்பனை மரபு வளத் தொகுப்பு இருப்பது ஜொகூரின் குளுவாங்கில். 1973-இல் நைஜீரியாவில் தொடங்கி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளில் அலைந்து திரட்டிய விதைகளிலிருந்து வளர்ந்த மரங்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. விதை திரட்டியவர், நட்டவர், ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டியவர், குலை வெட்டி எடை பார்த்துக் குறித்தவர் எல்லாரும் பல்லாண்டு உழைத்தார்கள். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர்களில் சிலருக்கே இடம் கிடைத்தது.

குளுவாங்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஒருகாலத்தில் மலாயாவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை ஆட்களே தூவ வேண்டியிருந்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர், ஆப்பிரிக்காவில் ஒரு சிறு வண்டு இந்த வேலையைச் செய்வதைக் கண்டறிந்து 1979-இல் எழுதினார். 1981 பிப்ரவரியில் அந்த வண்டுகள் குளுவாங்கின் பாமோல் தோட்டத்தில் விடப்பட்டன. பிறகு நாடு முழுதும் பரவி, கையால் தூவும் வேலையே மறைந்துபோயிற்று. தோட்டத்து மக்களின் அன்றாட வேலையையும் ஒரு நாட்டின் எண்ணெய் உற்பத்தியையும் மாற்றிய ஆய்வு அது. பூச்சியியலும் தோட்டத்துறையும் சிறிய வட்டங்கள். அங்கே எழுதுகிற கைகள் குறைவு, அதனால் மேற்கோளும் குறைவு. புற்றுநோய்ப் புரதத்தை ஆராய்பவரையும் செம்பனை வேர்ப் புரதத்தை ஆராய்பவரையும் ஒரே எண்ணால் ஒப்பிடும்போது, உள்ளூர்ப் பிரச்சினையைக் கையில் எடுத்தவருக்கே தண்டனை விழுகிறது. ஜொகூர்ப் பல்கலைக்கழகங்கள் ஜொகூரின் பயிரை ஆராய்வதை நாம் விரும்பினால் இந்த அநியாயம் நீங்க வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். மேற்கோள் தரவுத்தளங்கள் மேற்கத்தியக் குடும்பப் பெயரை மனத்தில் வைத்து உருவானவை. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அடையாள அட்டையில் கவிதா ஏ/பி முனியாண்டி என்று இருக்கும் ஒருவர் ஆய்விதழில் முனியாண்டி கே. ஆகிவிடுவார். தந்தை பெயரில் மகளின் ஆய்வு பதிவாகும். அடுத்த கட்டுரையில் கவிதா எம். என்று கொடுத்தால் தரவுத்தளத்துக்கு அவர் வேறொரு ஆள். இது கற்பனைச் சிக்கல் இல்லை. செம்பனை மரபு வளத் திரட்டில் உலகறிந்த ராஜநாயுடு நூக்கையாவின் பழைய கட்டுரைகள் ராஜநாயுடு என்.; 2013 நேச்சர் கட்டுரையில் அவர் நூக்கையா ஆர். இரண்டும் ஒருவரே என்று செம்பனைத் துறையினருக்குத் தெரியும், கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். மலாய்ப் பெயர்களுக்கும் இதே தொல்லை உண்டு. சீனப் பெயர்களுக்கு வேறு தொல்லை: ஒரே குடும்பப் பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட நூற்றுக்கணக்கானோரின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் குவிந்துவிடும்.

குறியீடு பிளவுபட்டால் நஷ்டம் பெரிது. முப்பது கட்டுரை எழுதியவரின் பதிவு இரண்டு பெயர்களில் பதினைந்து பதினைந்தாகப் பிரிந்தால் இரண்டு சுமாரான ஆய்வாளர்கள் தெரிவார்கள். உண்மையான ஒருவர் எங்கும் தெரியமாட்டார். 2012-இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகவே வந்தது. இலவசம். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஒவ்வொரு தமிழ் மாணவரும் அதைப் பெற்றுவிட வேண்டும். பெயரை எந்த வடிவத்தில் எழுதுவது என்று ஒருமுறை முடிவுசெய்து, திருமணமானாலும் பட்டம் வந்தாலும் அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர்கள் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

எண்ணுக்குப் பரிசு கொடுத்தால் எண் எப்படியாவது பெருகும். 2016-இல் எலிசபெத் பிக்கும் உடன் ஆய்ந்தவர்களும் 20,621 உயிரியல் கட்டுரைகளைக் கண்ணால் பார்த்தே ஆராய்ந்தார்கள். 3.8 விழுக்காட்டில் ஒரே படம் இருமுறை வருவது போன்ற கோளாறுகள் இருந்தன. அவற்றில் பாதியாவது வேண்டுமென்றே செய்தது போலிருந்தது. புரதப் பட்டைகளைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படங்கள் இவ்வகைத் தில்லுமுல்லுக்கு மிக வாகானவை. ஒரு பட்டையைத் திருப்பிப்போட்டு ஒட்டினால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அதே ஆண்டு மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த புற்றுநோய்ச் செல் கட்டுரையில் ஒரே உருவம் பலமுறை ஒட்டப்பட்டிருப்பதைச் சமூக ஊடகத்தில் உலகமே சுட்டிக்காட்டியது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று மாணவர்களை எழுதவைத்து, தம் கட்டுரைகளையே தாம் மேற்கோள் காட்டித் தரவரிசையில் ஏறியதாக 2023-இல் சயன்ஸ் இதழில் செய்தி வந்தது. தனிமனிதர்களின் பேராசை மட்டும் இதற்குக் காரணமென்று நான் நினைக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயத்தில் இருக்கும் இளம் விரிவுரையாளரிடம் வருடத்துக்கு இத்தனை கட்டுரை என்று கேட்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மாற்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும், ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோளை, கொண்டு ஆளை மதிப்பிடக் கூடாது என்று பிரகடனம் தயாரித்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிதி கேட்பவரிடம் ஐந்து பங்களிப்புகள் வரை விவரித்து எழுதச் சொல்கிறது. பிரிட்டனின் தேசிய ஆய்வு மதிப்பீட்டில் தாக்கக் காரணியைப் பார்க்கக் கூடாது என்று குழுக்களுக்கே கட்டளை உண்டு.

புரோட்டியோமிக்ஸ் ஆய்வாளர் ஒருவரின் பதிவேடு மேசைக்கு வந்தால் நான் முதலில் ஆசிரியர் வரிசையைப் பார்ப்பேன். முதல் பெயராக எத்தனை, கடைசிப் பெயராக எத்தனை, நடுவில் எத்தனை. நிறமாலைக் கருவியை இயக்குபவர் நடுவிலேயே நூறு கட்டுரைகளில் இருக்கலாம். அந்தத் திறமைக்கும் தனி மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு வகை மதிப்பு. பிறகு அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையைத் திறந்து, அது செய்முறையா, மறுஆய்வுக் கட்டுரையா, சொந்தக் கண்டுபிடிப்பா என்று பார்ப்பேன். மறுஆய்வுக் கட்டுரைகள் இயல்பாகவே அதிகம் மேற்கோள் பெறும். அதைப் பயன்படுத்திய வெளியார் நான்கைந்து பேரின் கட்டுரைகளைத் திறந்து அவர்கள் எதற்காக எடுத்தாண்டார்கள் என்று படிப்பேன். இறுதியாகத் தரவைத் தேடுவேன். நிறமாலைக் கருவி தந்த மூலத் தரவை இங்கிலாந்தின் பிரைடு களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால் அதற்கு பிஎக்ஸ்டி என்று தொடங்கும் பதிவு எண் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கிச் சரிபார்க்கலாம், புது மரபணுத் தகவல் வரும்போது பழைய புள்ளிகளுக்குப் புதிய பெயர் கண்டுபிடிக்கலாம். செம்பனை போன்ற பயிருக்கு இது பெரிய உதவி. ஸ்கூடாயிலும் பாகோவிலும் நிரப்பப்படும் படிவங்களில் எச் குறியீட்டுக்கு ஒரு கட்டம் இருப்பது போல இந்தப் பதிவு எண்ணுக்கும், தந்த விதைத் தொகுப்புக்கும், மற்றவர் எடுத்துப் பயன்படுத்திய செய்முறைக்கும் ஒவ்வொரு கட்டம் சேர்க்கத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. துறைக் கூட்டம் ஒன்றில் முடிவெடுத்தால் போதும்.